மாதம் ஒரு தலைப்பில் வகுப்பறைப் பலகை: எதை ஒட்டலாம், எதை விடலாம்

கேள்வி இதுதான். கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஓர் ஆசிரியை, நான்காம் வகுப்பு, முப்பது பிள்ளைகள். மாதம் ஒரு தலைப்பில் பலகை வைக்கச் சொல்லியிருக்கிறார் ஹெச்.எம். நெட்டில் வரும் படங்களைப் பார்த்து ஃபோம் ஷீட், கிளிட்டர், கலர் பார்டர் என்று வாங்கி, சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து வெட்டி ஒட்டினால் கைக்காசு போகிறது, பிள்ளைகள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு அப்புறம் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. செலவும் குறைய வேண்டும், பிள்ளைகளும் பார்க்க வேண்டும், என்ன தலைப்பு வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

டீச்சர், தலைப்பு அப்புறம். முதல் நாள் உங்கள் பலகை முக்கால்வாசி காலியாக இருக்கட்டும். முதல் நாளே முழுசாக இருக்கும் பலகையில் பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. எப்படியும் மாறப்போவதில்லை என்று தெரிந்த ஒன்றை யார் தினமும் பார்ப்பார்கள்? நம் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் இயற்கைக் காட்சிப் படத்தை நாம் கடைசியாக எப்போது பார்த்தோம்?

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தபோது வகுப்பறையில் கம்பிப் பந்தல் கட்டினார்கள், பல பள்ளிகளில் அந்தக் கொக்கிகள் இன்னும் சுவரில் இருக்கும். பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் அந்தக் கம்பியில் தொங்கவிடுவார்கள். கீழே சுவரை ஒட்டிக் கீழ்மட்டக் கரும்பலகை, பிள்ளைக்கு ஒரு கட்டம். தன் வருகையைத் தானே குறிக்க ஓர் அட்டவணை, இன்றைக்கு வெயிலா மேகமா என்று குறிக்க வானிலை அட்டவணை, நகம் வெட்டியாயிற்றா தலை வாரியாயிற்றா என்று பார்க்க ஆரோக்கியச் சக்கரம். அந்த முறையைப் பற்றி ஆயிரம் குறை சொல்பவர்கள்கூட இந்தச் சுவர்களைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை, ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் கை பட்டது.

இன்னொரு விஷயம், அதிகம் ஒட்டினால் கெடுதலும் உண்டு. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 24 மழலைப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2014-ல் வெளியிட்டார்கள். அதே பிள்ளைகள், சில பாடங்கள் சுவர் நிறையப் படம் ஒட்டிய அறையில், சில பாடங்கள் வெறும் சுவர் அறையில். படம் நிறைந்த அறையில் பாட நேரத்தில் 38.6 சதவீதம் கவனம் வேறெங்கோ போயிருந்தது, வெறும் அறையில் 28.4. பாடம் முடிந்து கேட்ட கேள்விகளுக்கு முதல் அறையில் 42 சதவீதம் சரி, இரண்டாவதில் 55. இது சின்ன ஆய்வுதான், அதை வைத்துச் சுவரையே மொட்டையடிக்க வேண்டாம். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 27 தொடக்கப் பள்ளிகளில் 153 வகுப்பறைகளைப் பார்த்துவிட்டு, சுவரில் 20 முதல் 50 சதவீதம் வரை காலியாக விடுங்கள் என்றார்கள். எனக்கு இது சரியான கணக்காகப் படுகிறது. குறிப்பாகக் கரும்பலகை இருக்கும் முன்சுவரில் பாடத்துக்கு வேண்டாத எதுவும் வேண்டாம். மாதத் தலைப்புப் பலகை பக்கவாட்டுச் சுவரிலோ பின்சுவரிலோ இருக்கட்டும்.

சரி, தலைப்பு. நாட்காட்டியைப் பார்த்தாலே வந்துவிடும் என்பதால் பலரும் அதிலேயே நின்றுவிடுகிறார்கள்: ஜூலை 15 காமராஜர், ஆகஸ்ட் 15, செப்டம்பர் 5, நவம்பர் 14, பொங்கல், பிப்ரவரி 28 அறிவியல் நாள். இதில் தப்பு ஒன்றுமில்லை, ஆனால் ஒரு நாள் விழாவுக்கு ஒரு மாதப் பலகை தாங்காது. காமராஜர் படத்தை நடுவில் ஒட்டிச் சுற்றிலும் பிறந்த ஊர், பிறந்த ஆண்டு எழுதிவிட்டால் ஜூலை 16-ஆம் தேதி அந்தப் பலகையின் வேலை முடிந்தது. அதே மாதத்தில் "நம் வீட்டில் பள்ளிக்கூடம் போனவர்கள்" என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். தாத்தா எதுவரை படித்தார், பாட்டி ஏன் நின்றார், அத்தை எந்தப் பள்ளிக்கு எவ்வளவு தூரம் நடந்தார் என்று பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்து எழுதி ஒட்டினால், காமராஜர் ஏன் அங்கே நடுவில் இருக்கிறார் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். ஒன்று மட்டும், அப்பாவோ அம்மாவோ இல்லாத பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம், ஆகவே "உன் அப்பா என்ன படித்தார்" என்று கட்டம் போட்டு வைக்காதீர்கள். யாரை வேண்டுமானாலும் கேட்டு வரலாம் என்று விட்டுவிடுங்கள்.

தலைப்பைச் சோதிக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்தத் தலைப்பில் நாளைக்குப் பிள்ளை பலகையில் சேர்க்க என்ன இருக்கிறது? பதில் இல்லையென்றால் அது போஸ்டர். போஸ்டருக்கு மாதம் முழுக்க இடம் கொடுக்க வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு மழை. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை ஓடும், தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி அந்த மூன்று மாதத்தில்தான். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், மற்றத் தலைப்புகளுக்கும் இதையே வளைத்துக்கொள்ளலாம்.

இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்று, பக்கவாட்டில் வளைவு நெளிவு இல்லாமல் நேராக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். கழுத்துக்குக் கீழே வெட்டி, வெட்டிய மேல் துண்டைத் தலைகீழாகப் புனல் மாதிரி உள்ளே செருகுங்கள். பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருக்கும், அதனால் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே கோடு போட்டுப் பூஜ்யம் என்று குறிக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு பழைய ஸ்கேலை ஒட்டிவிட்டால் மழைமானி தயார். மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைக்கக் கூடாது. வெட்டவெளியில் நான்கு செங்கல்லுக்கு நடுவே நிறுத்துங்கள், இல்லையென்றால் காற்றில் உருண்டுவிடும், அல்லது ஆடு தட்டிவிடும். வானிலை மையத்தில் காலை எட்டரைக்கு அளக்கிறார்கள், நம் பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததும் அளக்கட்டும். அளந்ததும் பூஜ்யக் கோடு வரை தண்ணீரை விட்டுவிட்டு மீதியைக் கொட்ட வேண்டும், இதைத்தான் முதல் வாரம் மறப்பார்கள்.

பலகையில் கீழே ஒரு நீளக் கோடு, அதில் தேதிகள், அவ்வளவுதான் முதல் நாள். ஒவ்வொரு நாளும் பெய்த மழைக்கு நிஜ அளவிலேயே ஒரு நீலத் தாள் பட்டை வெட்டி ஒட்ட வேண்டும். 24 மில்லிமீட்டர் பெய்தால் 2.4 சென்டிமீட்டர் பட்டை. அளவைக் குறுக்கவோ பெருக்கவோ வேண்டாம், பாட்டிலில் நின்ற உயரமே பலகையில் நிற்க வேண்டும், அதுதான் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு உடனே புரியும். கணக்குப் பாடத்தில் பட்டை வரைபடம் வரும்போது தனியாக ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்காது. நல்ல மழைக்கு லீவு விட்டுவிடுவார்கள், அப்போது யார் அளப்பது என்று ஒரு சண்டை வரும். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். திங்கள்கிழமைப் பட்டை எப்போதும் உயரமாக இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள், கேட்கும் வரை நீங்கள் சொல்லாதீர்கள். சனி ஞாயிறு மழையும் சேர்ந்தல்லவா அதில் நிற்கிறது.

அப்புறம் பலகைக்குப் பக்கத்தில், தரையிலிருந்து தொடங்கி, ஒரே ஒரு பட்டை மட்டும் தனியாக. 2023 டிசம்பர் 18 காலை முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பதிவான மழை: 95 சென்டிமீட்டர். நான்காம் வகுப்புப் பிள்ளை பக்கத்தில் போய் நின்றால் நெஞ்சு உயரத்துக்கு வரும். வேண்டுமானால் 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்த 49 சென்டிமீட்டரையும் பக்கத்தில் வையுங்கள், அது தொடை வரை. பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று பார்ப்பார்கள், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்து வகுப்பும் வரும். "அப்போ வெள்ளம் இவ்வளவுதான் நின்னுச்சா டீச்சர்" என்று நிச்சயம் ஒருவன் கேட்பான். மழை பெய்த அளவு வேறு, ஒரு தெருவில் தண்ணீர் நின்ற உயரம் வேறு, மேட்டில் பெய்தது எல்லாம் பள்ளத்துக்குத்தானே ஓடி வரும் என்று பேச அதைவிட நல்ல இடம் கிடைக்காது. இதற்கு ஆன செலவு ஒரு நீலச் சார்ட்.

அதே பலகையின் ஓரத்தில் பழைய கல்யாணப் பத்திரிகை உறைகளை வாய் மேலே இருக்கும்படி ஒட்டினால் பைகள் கிடைக்கும். ஒரு பையில் மழைச் சொற்கள்: தூறல், சாரல், அடைமழை, ஆலங்கட்டி என்று நான்கை மட்டும் நீங்கள் போடுங்கள், மீதியைப் பாட்டிகள் அனுப்புவார்கள். இன்னொரு பையில் கேள்விகள். எழுதத் தயங்கும் பிள்ளைகூட ஒரு துண்டுத் தாளில் ஒரு வரி எழுதிப் பையில் போட்டுவிடும், எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டவேண்டியதில்லை என்பதால்.

மழைக்கு அடுத்து ஐந்திணை. பெரிய வகுப்புப் பாடம் என்று நினைக்க வேண்டாம், குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல் பாலை என்று ஐந்து பத்தி பிரித்து மலை, காடு, வயல், கடல், வறண்ட நிலம் என்று எழுதிவிட்டால் நான்காம் வகுப்புக்குப் போதும். வீட்டுக்கு வரும் பொருள் எந்த நிலத்திலிருந்து வந்தது என்று பார்த்து அதன் உறையை, விதையை, படத்தை அந்தப் பத்தியில் ஒட்ட வேண்டும். தேயிலைத் தூள் பாக்கெட் மலைக்குப் போகும், உப்புப் பாக்கெட் கடலுக்குப் போகும், நெல்மணி வயலுக்கு. பாலையில் ஒன்றுமே சேராமல் இருக்கும், அதையும் அப்படியே விடுங்கள். பால் பாக்கெட் முல்லையா மருதமா என்று வாக்குவாதம் வந்தால் அந்த மாதத்துப் பலகை வேலை செய்கிறது என்று அர்த்தம். மாநிலச் சின்னங்களையும் இதிலேயே உட்கார வைக்கலாம்: வரையாடு மலைக்கு, மரகதப்புறா காட்டுக்கு. தனியாகப் "பொது அறிவு" என்று ஒரு சார்ட் வேண்டியதில்லை.

இனிப் பலகை. சாஃப்ட் போர்டு வாங்கக் காசு இருந்தால் நல்லது, இல்லையென்றால் டிவி, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி போதும். இரண்டு அடுக்கு எடுத்து, ஒன்றின் வரிகள் நெடுக்காகவும் மற்றதின் வரிகள் குறுக்காகவும் வரும்படி ஃபெவிகால் போட்டு ஒட்டி, மேலே ஒரு ராத்திரி கனம் வைத்தால் வளையாது. மேலே பழைய காட்டன் புடவையை இழுத்துக் கட்டிப் பின்பக்கம் தைத்துவிடுங்கள். கலர் பேப்பரைவிட இது எவ்வளவோ மேல்: குத்தின ஓட்டை தெரியாது, கிழியாது, வெயிலில் சீக்கிரம் வெளுக்காது, மாதாமாதம் மாற்ற வேண்டாம். பூப்போட்ட புடவை வேண்டாம், ஒரே நிறமாக, அடர் பச்சையோ பழுப்போ இருந்தால் மேலே ஒட்டுவது எடுப்பாகத் தெரியும். தெர்மாகோல் எனக்குப் பிடிக்காது, ஒரு பருவத்துக்குள் ஓரமெல்லாம் உதிர்ந்து அறை முழுக்கப் பறக்கும்.

சுவரில் நேரடியாக டேப் போட்டு ஒட்டினால் சுண்ணாம்போடு உரிந்து வரும், மழைக்காலத்தில் ஓதம் ஏறினால் தானாகவே விழும். இரண்டு ஆணி அடித்துச் சணல் கயிறு கட்டித் துணி க்ளிப் போடுவதுதான் நம் சுவர்களுக்குச் சரி. ஃபேன் காற்றில் சார்ட் படபடத்தால் மேலும் கீழும் ஓர் ஈர்க்குச்சியை வைத்து மடித்து ஒட்டுங்கள், ஆடாமல் நேராகத் தொங்கும். மைதாப் பசை வேண்டாம், கரப்பான் வரும். குண்டூசி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: செருப்பை வெளியே விட்டு வந்து தரையில் உட்காரும் பிள்ளைகள், ஓர் ஊசி கீழே விழுந்தால் போதும். ஒன்று இரண்டாம் வகுப்பில் ஊசியே கூடாது, மேல் வகுப்பில் எண்ணிக் குத்தி எண்ணி எடுக்க வேண்டும். ஸ்விட்ச் போர்டு, வாசற்படி பக்கம் தாள் எதுவும் வேண்டாம், ஜன்னலை மறைக்கவும் வேண்டாம்.

உயரம்தான் பெரும்பாலும் தப்பிப் போகிறது. நாம் நின்றுகொண்டு ஒட்டுகிறோம், அதனால் நம் கண்ணுக்கு நேராக ஒட்டிவிடுகிறோம். ஒட்டப் போகும் முன் வகுப்பிலேயே குள்ளமான பிள்ளையைச் சுவரோரம் நிற்க வைத்துக் கையைத் தூக்கச் சொல்லுங்கள், விரல் எட்டும் இடம்தான் பலகையின் மேல் எல்லை. பிள்ளை தானே சேர்க்கும் பலகை என்றால் கை எட்டியாக வேண்டும். தலைப்பு மட்டும் அதற்கு மேலே இருக்கலாம்.

தலைப்பு எழுத்து பற்றிக் கொஞ்சம். பத்தடிக்கு ஓர் அங்குல உயரம் என்று பொதுவாக விளம்பரப் பலகைக்காரர்கள் கணக்கு வைப்பார்கள். நம் எழுத்துக்கு நான் அதைப்போல இரண்டு பங்கு வைப்பேன், ண-வுக்கும் ன-வுக்கும் உள்ள சுழி வித்தியாசம் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டுமே. வெட்டும்போது எல்லா எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம் போட்டால் "மு", "ழு" எல்லாம் கீழே இடம் இல்லாமல் நசுங்கிவிடும், "கீ" மேலே இடிக்கும். எழுத்தின் உடலுக்கு மூன்று அங்குலம் என்றால் மேலும் கீழும் ஓர் அங்குலம் விட்டு ஐந்து அங்குலப் பட்டையில் வரைந்து வெட்டுங்கள். புள்ளி வெட்டுவது பெரிய தொல்லை, வெட்டிய புள்ளி பறந்துபோய் "பள்ளி" "பளளி" ஆகிவிடும். அதற்கு ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய சைஸ், ஒட்டினால் ஒட்டினதுதான். எழுத்து வெட்டவே நேரமில்லையென்றால் பழைய நாளிதழ்களைக் குழுவுக்கு நான்கு கொடுத்து, தலைப்புக்கான எழுத்துகளைத் தேடிக் கத்தரித்து ஒட்டச் சொல்லுங்கள், அரை மணி நேரத்தில் தலைப்பும் தயார், எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று. ஒட்டுமுன் ஒற்று விட்டுப் போயிருக்கிறதா, ர ற மாறியிருக்கிறதா என்று வேறொருவரிடம் காட்டுங்கள். ஒரு மாதம் முப்பது ஜோடிக் கண்கள் பார்க்கப் போகிற எழுத்து அது.

பிள்ளைகள் எழுதியதில் பிழை இருந்தால்? சிவப்பு மையில் சுழித்துவிட்டு அதையே தொங்கவிடுவது போன்ற கொடுமை வேறில்லை. தனியாகக் கூப்பிட்டுத் திருத்தி, மறுபடி எழுத வைத்து ஒட்டுங்கள். எழுதத் தொடங்கும் நிலையில் இருக்கும் பிள்ளை என்றால் எழுதினபடியே இருக்கட்டும், யாரும் கெட்டுப்போக மாட்டார்கள்.

நல்ல கையெழுத்து ஐந்தாறு பேருடையதை மட்டும் ஒட்டுவது எனக்கு ஒப்பாது. முப்பது பேருடையதும் இருக்க வேண்டும், இடம் போதாது என்பது சாக்கு. நான்கடிக்கு மூன்றடிப் பலகையில் ஏ4 தாளில் பாதியை நெடுக்காக வைத்தால் வரிசைக்கு எட்டு, நான்கு வரிசை, ஆக 32 பேர். கால்வாசித் தாள் என்றால் பலகையில் பாதிதான் ஆகும், மீதிப் பாதி மழைப் பட்டைக்கு. முதல் நாளே முப்பது இடத்திலும் பெயர்ச்சீட்டு குத்திவிடுங்கள். காலியாக இருக்கும் தன் பெயரைப் பார்த்த பிள்ளை சும்மா இருக்காது, நீங்கள் கேட்காமலேயே ஏதாவது கொண்டுவந்து நீட்டும்.

ஹெச்.எம். கேட்பது அழகான பலகை, அதிகாரிகள் பார்வைக்கு வரும்போது பளிச்சென்று இருக்க வேண்டும் என்று. அவரோடு சண்டை வேண்டாம். வராந்தாவில் ஒரு சின்னப் பலகையை விழா நாட்களுக்கென்று ஒதுக்கி அங்கே பார்டர், ஜிகினா எல்லாம் வைத்துக்கொள்ளுங்கள், வருகிறவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். உள்ளே இருக்கும் பலகைக்குப் பக்கத்தில் "வகுப்பு 4, மழை அளவு, அக்டோபர்" என்று ஒரு சீட்டு மட்டும் இருக்கட்டும். வந்தவர் இது என்ன என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள், பிள்ளைகளைச் சொல்ல விடுங்கள்.

நான்கு வாரத்துக்கு மேல் எந்தத் தலைப்பையும் இழுக்க வேண்டாம், மழை மட்டும் விதிவிலக்கு, அதையும் மாதத்துக்கு ஒரு முறை பழைய பட்டைகளைக் கழற்றிப் பக்கத்தில் தொங்கவிட்டுப் புதுக் கோடு போட்டுத் தொடங்குங்கள். கழற்றியதைக் குப்பையில் போடாமல் தலைப்பு வாரியாக அடுக்கி, சாக்கு ஊசியால் முதுகில் தைத்தால் பெரிய புத்தகம் ஆகிவிடும், வாசிப்பு மூலையில் அதைத்தான் பிள்ளைகள் முதலில் எடுப்பார்கள், தங்கள் பெயர் அதில் இருக்கிறதல்லவா. மழைப் பலகையின் தாள்களைத் தைக்கும் முன் மாதத்தின் மொத்த மழையைக் கூட்டி அட்டையில் எழுத வைத்துவிடுங்கள், அடுத்த அக்டோபரில் வரும் நான்காம் வகுப்புக்கு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியிருக்கும்.